சீழ் இல்லாத புண்

கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்றுதான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிற ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். என் பெயர் பாக்கியம். போன மாதம் என் தங்கையின் பேரனுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று துணைக்கு அங்கே போனேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பெண், மடியில் காய்ச்சல் குழந்தை. குழந்தையைப் பார்த்த நர்ஸ் புதுசு, சின்ன வயசு. அந்தப் பெண்ணைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "போன மாசம் கட்டின்னு வந்தீங்க. இப்ப காதுல புண்ணு. வீட்ல சோப்பு வாங்கற பழக்கமே இல்லையா? அம்மா சுத்தமா இருந்தா ஏன் திரும்பத் திரும்ப வருது?"

அந்தப் பெண் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கைகள் உள்ளே போன விதம் எனக்குத் தெரியும். முன்பு ஒருத்தி அப்படித்தான் தன் கைகளை ஒளித்துக்கொண்டு எங்கள் வார்டில் உட்கார்ந்திருந்தாள். போன மாதம் தடுப்பூசிக்குப் போன அன்று என்னைப் பார்த்துவிட்ட பழைய நர்ஸ்கள், "நர்ஸ் தின மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதுங்க ஆயாம்மா, அந்தக் காலத்து வேடிக்கை ஏதாவது" என்று கேட்டார்கள். வேடிக்கை இல்லை, இதைத்தான் எழுதுவேன் என்றேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துப் பிழைகளை எதிர்வீட்டு டீச்சர் திருத்திக் கொடுத்தார். சில வார்த்தைகளை மெதுவாக்கவும் பார்த்தார். அதற்கு நான் விடவில்லை.

வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு பெருக்கித் துடைக்க வந்தேன். சில வருடம் வாசல், படிக்கட்டு, கழிப்பறை. பிறகு குழந்தைகள் வார்டுக்கு ஆள் போதவில்லை என்று மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். எஸ்தர் சிஸ்டர் என்று பெயர். தெற்கத்திக்காரர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதிரில் வந்து நின்றாலே ஆட்கள் நேராகிவிடுவார்கள்.

முதல் நாள் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கை கழுவச் சொன்னார். கழுவினேன். "இன்னொரு தடவை" என்றார். கழுவினேன். என் கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரல் அடியைக் காட்டி, "இங்கே சோப்பு போகவே இல்லை பாக்கியம்" என்றார். வளையலைக் கழற்ற வேண்டும், முழங்கை வரை நனைய வேண்டும், விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகிக் கழுவ வேண்டும். குழாயை முழங்கையால் மூட வேண்டும். கழுவின கையைப் புடவையில் துடைத்தால் அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கை காற்றில் காயும்வரை யாரோடும் பேசக் கூடாது. பேசினால் கை தானாக எதையாவது தொடும் என்பார். உண்மைதான். எங்கள் கைகள் பேச்சோடு சேர்ந்து ஆடுகிற கைகள்.

துணிக்கு ஒரு ஒழுங்கு, புண் கட்டுகிற தட்டுக்கு ஒரு ஒழுங்கு. முதலில் சுத்தமான புண் உள்ள பிள்ளைக்குக் கட்டு மாற்றுவார்கள். சீழ் வைத்த பிள்ளை கடைசி. தட்டைத் தள்ளிக்கொண்டு போகிற நான் அந்த வரிசையை மாற்றக் கூடாது. பஞ்சைக் கழற்றும்போது அதில் என்ன இருக்கிறது என்று சிஸ்டர் பார்ப்பார். மஞ்சளா, பச்சையா, ரத்தமா, நாற்றம் உண்டா. பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். "சீழ் இல்லை" என்று அவர் சொன்னால் எங்களுக்கெல்லாம் மூச்சு வரும். அது அந்த வார்டில் நல்ல செய்தி. தாய்மார்களிடமும் அதைத்தான் சொல்லி அனுப்புவோம். சீழ் இல்லம்மா, கவலைப்படாதே.

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம்.

கோமதி வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. புருஷன் சரவணன், மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கைக்குழந்தை பையன், நிதிலன் என்று பிறகு பேர் வைத்த பிள்ளை. தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கி, காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். மருந்து ஏற்றினார்கள், இறங்கியது, வீட்டுக்குப் போனார்கள். திரும்ப வந்தார்கள். இந்த முறை தொடையில் ஒரு புண். கொசு கடித்த அளவில் ஆரம்பித்ததாம். வார்டுக்கு வந்தபோது ரூபாய்க் காசு அகலத்துக்கு விரிந்திருந்தது. ஓரம் ஊதா நிறம், நடுவே காய்ந்த பள்ளம். சிஸ்டர் பஞ்சை எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "சீழ் இல்லை" என்றார். நாங்கள் கோமதியிடம் நல்ல செய்தியாக அதைச் சொன்னோம்.

ஆனால் புண் ஆறவில்லை. சீழும் வைக்கவில்லை, ஆறவும் இல்லை. மெதுவாக அகலமானது. அது போதாதென்று வாயில் ஒரு புண், ஆசனவாய் ஓரத்தில் ஒன்று. பிள்ளை அழக்கூடச் சக்தியில்லாமல் முனகும்.

கூடவே மாமியார் சரோஜாம்மா. வார்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிற எல்லோரிடமும் மருமகளைப் பற்றிச் சொல்வார். திட்டுகிற பொம்பளை இல்லை. வருத்தமாகச் சொல்வார், அதுதான் இன்னும் மோசம். "என்ன பண்றது, கை சுத்தம் பத்தாது அவளுக்கு. முதல்ல ஒரு பொண்ணு பொறந்தது. அதுவும் இதே மாதிரிதான், உடம்பெல்லாம் புண்ணு வந்து போயிடுச்சு. ஒரு உசுரைக் குடுத்தும் புத்தி வரலையே." கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். பிறகு உள்ளே எட்டிக் கோமதியின் கையைப் பார்ப்பார்கள்.

இந்தப் பேச்சு சிஸ்டர் காதுக்கும் போனது. இரண்டாவது பிள்ளைக்கும் அதே புண் என்றால், சுத்தத்தையே வேதமாக வைத்திருந்தவர் வேறு என்ன நினைப்பார்? என்னைக் கூப்பிட்டு, "பாக்கியம், அந்தம்மா பிள்ளையைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்துல நின்னு கை கழுவ வை" என்றார்.

நின்றேன். அது என் வேலை. கோமதி பால் கொடுக்க எழுந்தால் நானும் எழுவேன். துணி மாற்றப் போனால் நானும் போவேன். வார்டில் அத்தனை தாய்மார் இருக்க, காவல் இவளுக்கு மட்டும். போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை எடுக்கக் கூட்டிப் போகிற மாதிரி அவளைக் குழாயடிக்குக் கூட்டிப் போனோம். கட்டைவிரல், நகக்கண், முழங்கை என்று அவள் கழுவுவாள். நான் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. சோப்பு போட்டுப் போட்டு விரல் நுனி தோல் உரிந்திருந்தது. கழுவி முடித்துக் கையைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கண்ணில் தண்ணீர் வழியும். துடைக்க மாட்டாள். துடைத்தால் மறுபடி கழுவ வேண்டுமே.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "ஆயாம்மா, என் கையில என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. நான் பிள்ளையைத் தொடாம இருந்தா பொழைச்சுக்குவானா?"

"சீ, இன்னா பேச்சு பேசுற. பால் குடு போ" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மாலினி எங்களிடம் வர ஆரம்பித்தார். வாரத்தில் சில நாள் வருவார். எதையும் அவசரமாகப் பார்க்க மாட்டார். நிதிலன் கட்டிலில் உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனைத் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. கிருமி இருந்தால் ஏறும், அதனால்தான் என்று அதுவரை எல்லோரும் எழுதியிருந்தார்கள். இவர் தொடைப் புண்ணையே பார்த்துக்கொண்டு, "இவ்வளவு அணு ரத்தத்துல இருக்கு. புண்ணுல ஒரு சொட்டு சீழ் இல்லையே, ஏன்?" என்று சிஸ்டரைக் கேட்டார்.

சிஸ்டர் அந்த வெள்ளைப் பஞ்சை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். என்ன சாப்பாடு, என்ன ஊசி, முதல் குழந்தைக்கு எப்படி ஆரம்பித்தது என்று. கோமதி வாயைத் திறக்கும் முன் சரோஜாம்மா பதில் சொல்வார். டாக்டர் பொறுமையாக, "தொப்புள் கொடி எப்போ விழுந்தது?" என்று கேட்டார்.

சரோஜாம்மாவுக்கு அது பெரிய வாய்ப்பு. "அதை ஏன் கேக்கறீங்க டாக்டர். எங்க வீட்டு வழக்கம், விழுந்த கொடியை வெள்ளித் தாயத்துல போட்டு அரைஞாண்ல கட்டுவோம். அன்னிக்குத்தான் பேர் வைக்கறதும். ஆசாரி தாயத்து செஞ்சு குடுத்துட்டான். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. கொடி விழுந்தாத்தானே? ஒரு மாசம் தாண்டியும் ஈரமா ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. ஒழுங்காத் தொடைச்சு வெச்சிருந்தா விழுந்திருக்காதா? பேர் வைக்கறதை நாலு தடவை தள்ளிப்போட்டு எங்களுக்கு அசிங்கமாப் போச்சு. பெரிய பொண்ணுக்கும் இதே கதைதான். அப்பவே சொன்னேன், இவளுக்குப் பிள்ளை பராமரிக்கத் தெரியலன்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு குழந்தைக்குமா?"

"ரெண்டுக்கும்தான்" என்றார் சரோஜாம்மா, மருமகள் மேல் இரண்டு குற்றம் நிரூபித்த திருப்தியோடு.

"நல்லவேளை சொன்னீங்க" என்றார் டாக்டர். அன்றைக்கே ரத்தம் எடுத்து நகரத்தில் இருக்கிற ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று சரவணன் லீவு போட்டு வந்திருந்தான். கோமதி, மாமியார், ஊரிலிருந்து வந்த கோமதியின் அப்பா எல்லோரும் இருந்தார்கள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சரவணனைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

"உங்க கம்பெனிக்கு ஆளுங்க எப்படி வர்றாங்க?"

"கம்பெனி பஸ்ல மேடம்."

"பஸ் நெறைய ஆள் இருக்காங்க. ஆனா கேட் வந்தா பஸ் நிக்க மாட்டேங்குது. அப்படியே ஜி.எஸ்.டி. ரோட்டுல போயிட்டே இருக்கு. உள்ள வேலை நடக்குமா? ஆள் வரலைன்னு இன்னும் பஸ் அனுப்பறாங்க. அதுவும் நிக்கல. ரோடு முழுக்க ஆள், மெஷின் பக்கத்துல ஒருத்தர் இல்ல. உங்க பையன் உடம்புல அதான் நடக்குது. வெள்ளை அணுக்கள் ரத்தத்துல ஓடிட்டே இருக்கு. புண்ணு இருக்கிற இடத்துல ஒட்டி நின்னு இறங்கணும், அந்த ஒட்டற சக்தி பிறவியிலேயே இல்ல. கிருமியோட சண்டை போட்டுச் செத்த அணுக்கள்தான் சீழ். சண்டைக்கே யாரும் போகலைன்னா சீழ் எப்படி வரும்? தொப்புள் கொடி காய்ஞ்சு விழறதுக்கும் அந்த அணுக்கள் வேணும். அதான் விழல."

கோமதி மட்டும், "அப்ப கை கழுவறது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"கை கழுவறது எல்லாருக்கும் நல்லதுதான். ஆனா இது உங்க கையால வந்தது இல்லம்மா. நீங்க எவ்வளவு கழுவியிருந்தாலும் வந்திருக்கும். இவ்வளவு நாள் இவன் இருக்கான்னா அது நீங்க பார்த்துக்கிட்டதால."

கோமதி அழவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி.

அதோடு முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். எங்கே முடிந்தது? பிறவியிலேயே வந்தது என்ற வார்த்தையை சரோஜாம்மா பிடித்துக்கொண்டார். "பிறவின்னா? அப்ப இவ ரத்தத்துலதான் கோளாறு. எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் கிடையாது."

டாக்டர், "கோமதி உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"என் கூடப் பொறந்த அண்ணன் பொண்ணு."

"அப்ப அவங்க ரத்தம் உங்க ரத்தம் இல்லையாம்மா?"

அதற்குப் பிறகு டாக்டர் நிறுத்தி நிதானமாக விளக்கினார். அப்பாவிடம் ஒரு பாதி, அம்மாவிடம் ஒரு பாதி, இரண்டு பாதியும் பிள்ளைக்கு வந்தால்தான் நோய். ஒரு பாதி மட்டும் இருந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. நெருங்கின சொந்தத்தில் ஒரே பாதி இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம், இது யார் குற்றமும் இல்லை, பாவமும் இல்லை என்றார். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் பிழைக்க வைக்கலாம், பொருந்துகிற ஆள் கிடைக்க வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்க்கலாம், தாமதிக்க நேரமில்லை என்றார். சரவணன் தலையைக் குனிந்தபடியே கேட்டான். அவன் அதுவரை மருத்துவமனையில் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

மறுநாள் மதியம் தண்ணீர் பிடிக்க மாடி வராந்தாவுக்குப் போனேன். அங்கே சரோஜாம்மாவும் அவர் அண்ணனும், அதாவது கோமதியைப் பெற்றவரும், பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சிகிச்சையெல்லாம் எங்கே போய் முடியுமோ, பிள்ளை நிற்குமோ நிற்காதோ என்றார் சரோஜாம்மா. கோமதியைக் கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பி வைப்பது. அப்புறம் ஒரு பஞ்சாயத்து வைத்துப் பிரித்து விடுவது. சரவணனுக்குச் சின்னவளைக் கட்டி வைப்பது. சின்னவள் என்றால் கோமதியின் தங்கை. சொந்தம் விட்டுப் போகாது, பையனும் ஒத்தையாக நிற்க வேண்டாம். "ஆமா, அதுவும் சரிதான்" என்றார் பெற்ற தகப்பன்.

நேற்றுத்தான் அந்த டாக்டர் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறார். ஒரே ரத்தம், ஒரே பாதி என்று. இவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் அவளுடைய தங்கச்சி.

குடத்தைக் கீழே வைத்தேன்.

"யோவ் பெரியவரே, பெத்த பொண்ணு இன்னா பால் பாக்கெட்டா? கெட்டுப்போச்சுன்னு ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கறதுக்கு? அதுவும் அதே கடையில, அதே பால்ல. ரெண்டு புள்ள பெத்து ஒண்ணைப் புதைச்சுட்டு நிக்கிறா. அவ கை சரியில்ல, அவ ரத்தம் சரியில்ல. உன் தங்கச்சி ரத்தம் மட்டும் இன்னா, கேன் தண்ணியா?"

வார்டே வராந்தாவுக்கு வந்துவிட்டது. சரோஜாம்மா நேராக மேட்ரன் அறைக்குப் போனார். ஆயா மரியாதை இல்லாமல் பேசினாள், வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று. என்னைக் கூப்பிட்டார்கள். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன்.

எஸ்தர் சிஸ்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரில் சரோஜாம்மா. "நீ என்ன சொன்னே பாக்கியம்?" என்றார். ஒரு வார்த்தை குறைக்காமல் திரும்பச் சொன்னேன். பால் பாக்கெட், கேன் தண்ணி, எல்லாம்.

"சத்தமாச் சொன்னியா?"

"ஆமா சிஸ்டர்."

"வார்டு பக்கம் சத்தம் போடக் கூடாது. அடுத்த தடவை மெதுவாச் சொல்லு" என்றார். பிறகு சரோஜாம்மா பக்கம் திரும்பி, "உங்க மருமகளை நானும் தப்பாத்தான் நெனச்சேன். அது தப்புன்னு தெரிஞ்ச பிறகும் நெனச்சா, அது நெனப்பு இல்லம்மா, வேற" என்றார். "வேற" என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சரோஜாம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், பகல் நர்ஸ்களும் இரவு நர்ஸ்களும் கூடி நிற்கும்போது, சிஸ்டர் கோமதியைக் குழாயடிக்கு அழைத்தார். காவலுக்கு இல்லை. தானே முதலில் கை கழுவினார், கட்டைவிரல், நகக்கண், முழங்கை. பிறகு தள்ளி நின்று கோமதிக்குக் குழாயை விட்டார். இருவரும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காயும்வரை பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். காய்ந்ததும் எங்களிடம் சொன்னார்: "இந்தக் கையை இனி யாரும் சோதிக்க வேண்டாம்." அதற்குப் பிறகு அந்த வார்டில் எந்தக் குழந்தை சேர்ந்தாலும், தாயிடம் சிஸ்டர் கேட்கிற முதல் கேள்வி தொப்புள் கொடி எப்போது விழுந்தது என்பதுதான். சோப்பைப் பற்றிப் பிறகு கேட்பார்.

சரவணன் வாயைத் திறந்தது, வீட்டில் எல்லோருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று. அவனிடமும் பாதி இருந்தது, கோமதியிடமும் பாதி இருந்தது, டாக்டர் சொன்ன மாதிரியே. வார்டு வாசலில் சரோஜாம்மா வழக்கம்போல் யாரிடமோ மருமகள் ரத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சரவணன் வந்து நாற்காலி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "என்கிட்டயும் பாதி இருக்கும்மா. எனக்கு அதைக் குடுத்தது நீயா அப்பாவான்னு நான் கேக்கப் போறதில்ல. நீயும் அவளைக் கேக்காத. சின்னவ பேச்சை இன்னொரு தடவை எடுத்தா, நான் கோமதியோட தனியாப் போயிடுவேன்."

சரோஜாம்மா அன்று சாப்பிடவில்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸில் கோமதியின் அப்பா தனியாகத்தான் ஏறினார்.

மஜ்ஜை பொருந்தியது யாருடையது தெரியுமா? கோமதியுடையது. பெரும்பாலும் பெற்றவர்களுடைய மஜ்ஜை முழுசாகப் பொருந்தாதாம், நெருங்கின சொந்தத்தில் எப்போதாவது அப்படி அமையுமாம். எந்த உறவால் நோய் வந்ததோ அதே உறவால் மருந்தும் வந்தது. நகரத்தில் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது. பணத்துக்குக் காப்பீடு, கம்பெனி, சொந்தக்காரர்கள் என்று சரவணன் அலைந்தான். நான் விடுமுறை நாளில் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். பிள்ளையைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். தூசி, கிருமி எதுவும் ஆகாது, உடன் இருக்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. இடுப்பெலும்பில் மஜ்ஜை கொடுத்த வலி தெளிந்ததும் கோமதிதான் உள்ளே போனாள். சரோஜாம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். நானும் நின்றேன். உள்ளே அவள் கை கழுவுவதை இருவரும் பார்த்தோம்.

ஃபோனில் என்னிடம் பேசினாள். "ஆயாம்மா, இங்க டாக்டர், நர்ஸ் எல்லாரும் கழுவறாங்க. யாரும் யார் பக்கத்துலயும் நிக்கல" என்றாள். குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் குத்தியது.

வாரக்கணக்கில் காய்ச்சலும் வாந்தியும். தலைமுடி முழுக்கக் கொட்டியது. ஒருமுறை மூச்சு திணறி, போய்விடுவான் என்றே சொல்லிவிட்டார்களாம். போகவில்லை. தொடைப் புண்ணின் ஓரம் மெல்லச் சிவந்து, உள்ளே சதை பிடிக்க ஆரம்பித்தது. அவள் அணுக்கள் அவனுக்குள் இறங்கி வேலை பார்த்தன. கம்பெனி பஸ் கேட்டில் நிற்க ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் மாலினி சரவணனுக்குச் சொன்னாராம்.

வீடு திரும்பிய பிறகு பேர் வைக்கிற விழா தடபுடலாக நடந்தது. கூப்பிட்டார்கள், போனேன். ஒருவழியாக விழுந்த கொடியைப் போட்ட தாயத்து அரைஞாணில் மின்னியது. பந்தலில் சரோஜாம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெளியில எங்கயும் போகல. எங்க வீட்டு ரத்தம்தான் எங்க புள்ளையைக் காப்பாத்துச்சு." நோய் வந்தபோது அவள் ரத்தம். பிழைத்தபோது எங்க வீட்டு ரத்தம். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து பேச வேண்டும் போல இருந்தது. சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து, பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை டீச்சர் அடித்துவிட்டார். இந்த ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

இப்போது நர்ஸ் பிள்ளைகளுக்கு. சுத்தம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எஸ்தர் சிஸ்டரிடம் கை கழுவப் படித்தவள். ஆனால் திரும்பத் திரும்பப் புண்ணோடும் காய்ச்சலோடும் ஒரு பிள்ளை வந்தால், தாயின் கையைப் பார்க்கிறதுக்கு முன்னால் பிள்ளையின் ரத்தத்தைப் பாருங்கள். தொப்புளைக் கேளுங்கள், முன்பு இறந்த பிள்ளையைக் கேளுங்கள், கட்டிக்கொண்டது சொந்தமா என்று கேளுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். போன மாதம் நான் பார்த்த அந்தப் பெண்ணை யாராவது இதெல்லாம் கேட்டார்களா? கேட்கவில்லை. நான் கேட்டேன். ஊசி வரிசையை விட்டு எழுந்து, அவள் பின்னாலேயே மருந்துக்கடை வரை போய்க் கேட்டேன். டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். அவள் பிள்ளைக்கு என்ன என்று இன்னும் தெரியாது. சாதாரணக் காது வலியாகவே இருக்கட்டும். ஆனால் கையை அவள் வெளியே எடுத்துவிட்டாள்.

நிதிலன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி அவனை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஏரிக்கரை ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் அடியாம். கசப்பு மருந்து குடித்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான் பையன். அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு தாங்கவில்லை.

கட்டைப் பிரித்துப் பஞ்சை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். கெட்டியாக, மஞ்சளாக, நாற்றத்தோடு.

"பாருங்க ஆயாம்மா" என்றாள். "சீழ்."